பொருளாதாரம் படிக்க எந்த குரூப்?

கேள்வி: சார், நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 457 மார்க் எடுத்திருக்கிறாள். கணக்கில் 93, சமூக அறிவியலில் 98, தமிழில் 97, இங்கிலீஷில் 88, அறிவியலில் 81. டெல்லிக்குப் போய்ப் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்கிறாள். ஹெச்.எம். ஃபர்ஸ்ட் குரூப்பில் பயாலஜி எடுக்கச் சொல்கிறார். என் கொழுந்தனார் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம், ஐஐடி-யிலேயே பொருளாதாரம் இருக்கிறது என்கிறார். இவளோ எங்கள் பள்ளி காமர்ஸ் குரூப்பில் பொருளியல் இருக்கிறது, அதுதான் வேண்டும் என்று அழுகிறாள். அந்தக் குரூப்பில் கணக்கு கிடையாது, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்தான். டவுனில் இன்னொரு அரசுப் பள்ளியில் பிசினஸ் மேத்ஸ் உள்ள காமர்ஸ் குரூப் இருக்கிறதாம். எதை எடுத்தால் பெரிய யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்கும்? அபாகஸ், இந்தி சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கிறாள். அது உதவுமா? நூல் விலையை வாரா வாரம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அந்தக் கிறுக்கும் உண்டு.

பதில்:

அம்மா, வணக்கம். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். 457 நல்ல மார்க். அதைவிட, எந்தப் படிப்பு வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்லத் தெரிந்திருக்கிறதே, அது பெரிய விஷயம். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் 'நல்ல குரூப்' வேண்டும் என்றுதான் கேட்பார்கள். எதற்கு நல்ல குரூப் என்று கேட்டால் பதில் வராது.

முதலில் அவளுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் பொருளாதாரம் படிக்க ஆசைப்படும் பிள்ளை, உங்கள் பள்ளியில் இருக்கும் அந்தக் காமர்ஸ் குரூப்பை எடுக்கக் கூடாது. அதில் பொருளியல் இருக்கிறது, கணக்கு இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் கேட்பதோ நேர் எதிர். பிளஸ் டூவில் பொருளியல் படித்தாயா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கணிதம் படித்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பொருளியல் பாடத்தில் 100-க்கு 100 எடுத்தும் கணிதம் இல்லாததால் விண்ணப்பிக்கவே முடியாமல் நின்ற பிள்ளைகள் எனக்குத் தெரியும். அது பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிய வரும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இப்படி என்று அவளுக்குப் புரிய வையுங்கள், இல்லாவிட்டால் நாம் வேண்டுமென்றே தடுக்கிறோம் என்று நினைப்பாள். கல்லூரிப் பொருளாதாரத்தில் முதல் ஆண்டிலேயே வகை நுண்கணிதம் வந்துவிடும். உங்கள் வீட்டுத் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் முந்நூறு சேலைக்கு நூல், கூலி, கரன்ட் எல்லாம் சேர்த்து என்ன செலவு என்று உங்களுக்குத் தெரியும். முந்நூற்று ஒன்றாவது சேலையை நெய்தால் செலவு எவ்வளவு கூடும், அந்த ஒரு சேலையை விற்றால் வருவது எவ்வளவு, இரண்டில் எது பெரியது? தறியை நிறுத்துவதா ஓட்டுவதா என்பதை முடிவு செய்வது அந்தக் கணக்குதான். இறுதிநிலைச் செலவு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பிளஸ் டூ பொருளியலில் இதை வாக்கியமாகவும் வரைபடமாகவும் படிப்பாள். கல்லூரியில் இதையே சமன்பாடாக எழுதி, வகையிட்டு விடை காணச் சொல்வார்கள். அப்புறம் புள்ளியியல், அதற்கு மேல் புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரத்தை அளந்து பார்க்கும் பொருளாதார அளவையியல். பள்ளியில் கணக்கை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த வகுப்பில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். மேற்படிப்புக்கு டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் கழகம் என்று போக நினைத்தால் அங்கேயும் கணக்குதான் முதல் வேலி.

சரி, ஹெச்.எம். சொல்வதற்கு வருவோம். மார்க் எடுத்த பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப் என்பது நம் ஊரில் ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. 2007-ல் நம் மாநிலத்தில் பொறியியல் நுழைவுத்தேர்வை எடுத்த பிறகு, பிளஸ் டூ மார்க்கை வைத்துப் போடும் கட்-ஆஃப்தான் எல்லாமே. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. அந்தக் கணக்கிலேயே ஊறிப்போனவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள். டெல்லிக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2022-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியுஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுப்பது அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூவில் 600-க்கு 590 எடுத்திருந்தாலும், இரண்டு பேர் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும்போது முந்துவதற்குத்தான் அது பயன்படும். ஃபர்ஸ்ட் குரூப் படித்ததற்காக ஒரு மதிப்பெண்கூட அதிகம் போட மாட்டார்கள். கஷ்டமான பாடம் படித்த பிள்ளை என்று பரிதாபப்பட அங்கே ஆள் இல்லை, கம்ப்யூட்டர்தான் தரவரிசை போடுகிறது.

டெல்லியில் பொருளாதார ஆனர்ஸுக்கு அந்த சியுஇடி மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மொழித்தாள், கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம், அதோடு வேறு இரண்டு பாடங்கள். ஆக மொத்தம் நான்கு தாள். மொழித்தாளுக்கான 13 மொழிகளில் தமிழும் இருக்கிறது. மற்றத் தாள்களையும் தமிழில் எழுதலாம். தமிழில் 97 எடுக்கும் பிள்ளைக்கு இது சும்மா கிடைக்கும் லாபம். ஆனால் அங்கே போன பிறகு வகுப்பு முழுக்க இங்கிலீஷ்தான். அதற்கு இந்த இரண்டு வருடத்தில் தினமும் இங்கிலீஷ் பேப்பரில் வணிகப் பக்கத்தை வாசித்துப் பழகட்டும். நூல் விலை எழுதுகிற பிள்ளைக்கு அது சலிக்காது.

இப்போது என் யோசனை. உங்கள் பள்ளியிலேயே கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள குரூப் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். பயாலஜி இவளுக்குத் தேவையே இல்லை. டாக்டர் ஆசை துளியும் இல்லாத பிள்ளையின் தலையில் விலங்கியலையும் தாவரவியலையும் எதற்கு ஏற்ற வேண்டும்? கணினி அறிவியலுக்கு சியுஇடி-யில் தனித் தாளே உண்டு. அதனால் அவள் தமிழ், கணிதம், கணினி அறிவியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, நான்காவதாக இயற்பியல், வேதியியல் இரண்டில் எது கைவருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அறிவியலில் 81 என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டையும் போட்டித் தேர்வு அளவுக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளித் தேர்வில் நல்லபடியாகத் தேறினால் போதும்.

இந்தக் குரூப்பில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கொழுந்தனார் சொன்னது பாதி சரி. கான்பூர், மும்பை ஐஐடி-க்களில் பொருளாதாரத்தில் நான்காண்டு பி.எஸ். உண்டு. அதற்கும் பொறியியலுக்குப் போகிறவர்கள் எழுதும் அதே ஜேஇஇ அட்வான்ஸ்டுதான். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். சென்னை ஐஐடி-யில் பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு எம்.ஏ. ஒன்று இருந்தது, எச்எஸ்இஇ என்று தனித் தேர்வு வைப்பார்கள். அது நின்றுபோய்விட்டது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் கழகம், 1931-ல் மகலனோபிஸ் தொடங்கியது, பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப்படிப்புக்குத் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். அதற்கும் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். இதெல்லாம் அவள் இன்றைக்குக் கேட்கவில்லைதான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் விருப்பம் பதினேழில் கொஞ்சம் திரும்பலாம். பொருளாதாரத்திலிருந்து புள்ளியியலுக்கோ டேட்டா சயின்ஸுக்கோ மனம் போனால் அப்போது கையில் கணிதம் இருக்கும்.

அவளுக்கு இயற்பியலைக் கண்டாலே ஆகாது என்றால் என்ன செய்வது? அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் அரசின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலில் முதல் இரண்டு பாடங்களையும், கணிதத்தில் முதல் இரண்டு பாடங்களையும் ஒரு வாரம் அவளே தனியாக உட்கார்ந்து படித்து, பின்னால் இருக்கும் கணக்குகளைப் போடட்டும். டியூஷன் வேண்டாம், யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம். கணக்கு சரியாக வருகிறதா என்பதைவிட, தப்பாக வரும்போது மறுபடி போட்டுப் பார்க்கிறாளா, புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறாளா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் இரண்டு வருடம் அவளை அந்தக் குரூப்பில் கட்டிப்போடாதீர்கள்.

அப்படியானால் டவுன் பள்ளியில் இருக்கிறதாக எழுதினீர்களே, வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள அந்தக் காமர்ஸ் குரூப், அதற்குப் போங்கள். பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நம் ஊரில் வணிகக் கணிதத்தை, கணக்கு வராதவர்கள் எடுப்பது என்று இளப்பமாகப் பேசுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு, ஒட்டுறவு, கூறெடுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. மேலே நான் சொன்ன இறுதிநிலைச் செலவும், விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்ற தேவை நெகிழ்ச்சியும் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே வருகிறது. பொருளாதாரம் படிக்கப் போகிற பிள்ளைக்கு ஒருவகையில் இதுதான் நேர்வழி. சியுஇடி கணிதத் தாளிலும் ஒரு பகுதி எல்லோருக்கும் பொது, அடுத்த பகுதியில் கணிதமா பயன்பாட்டுக் கணிதமா என்று எழுதுகிறவர்களே தேர்ந்துகொள்ளலாம். பயன்பாட்டுக் கணிதம் இவள் படிக்கப் போவதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதோடு பொருளியல், கணக்குப்பதிவியல் என்று அவளுக்குப் பிடித்த பாடங்களையே மற்ற இரண்டு தாளாக வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் இதை முதல் யோசனையாகச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் சான்றிதழில் வருவது 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்ற பெயர். பல்கலைக்கழக அறிவிப்பில் இருப்பது 'கணிதம் / பயன்பாட்டுக் கணிதம்'. சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் ஒருவர் இதைக் கேள்வி கேட்டால் அங்கே நின்றுகொண்டு வாதாட முடியாது. அதனால் இந்தக் குரூப் என்று முடிவானால், சேர்வதற்கு முன்பே டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தமிழ்நாடு மாநில வாரியத்தில் இந்தப் பாடம் படித்தவர் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி. பாடத்திட்டத்தின் பொருளடக்கப் பக்கத்தை இணையுங்கள். வரும் பதிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். ஃபோனில் யாராவது 'ஆமாம்' என்றால் அது கணக்கில் சேராது. ஐஐடி, புள்ளியியல் கழகம் இரண்டையும் இந்தக் குரூப்போடு மறந்துவிட வேண்டியதுதான்.

நாமக்கல் விடுதிப் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். கட்டணத்தை விடுங்கள், அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளி மாறினால் ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்தது இந்த இரண்டுக்கும் செல்லாமல் போய்விடும். டெல்லி கிடைக்காவிட்டால் என்ன என்று நாளைக்கு யோசிக்கும்போது இது கை கொடுக்கும். கொழுந்தனாரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், அவரே புரிந்துகொள்வார். டவுன் பள்ளிக்கு மாறுவதில் இந்தப் பிரச்சினை இல்லை, அதுவும் அரசுப் பள்ளிதானே. அரசு உதவிபெறும் பள்ளி என்றால் மட்டும் இன்னொரு முறை விசாரியுங்கள், 7.5 சதவீதம் அங்கே கிடையாது.

சர்டிபிகேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெல்லிக்கும் மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அபாகஸ், இந்தி எதுவும் ஒரு மதிப்பெண் சேர்க்காது. விளையாட்டிலும் கலைகளிலும் மாநில, தேசிய அளவில் சாதித்தவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, அது வேறு கணக்கு. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஹரியானாவில் இருக்கும் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் தேர்வோடு நேர்முகமும் வைக்கிறார்கள். கட்டணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சலுகை தருகிறார்கள். அங்கேயும் அபாகஸ் எடுபடாது. எடுபடப் போவது, கடிதத்தின் கடைசியில் கிறுக்கு என்று எழுதினீர்களே, அந்த நோட்டுதான். நூல் விலை ஏறிய வாரத்தில் தறிக்கூலி ஏறியதா, எத்தனை வாரம் கழித்து ஏறியது, சேலை விலையில் அது தெரிந்ததா என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் விலை, ஒரு பக்கம் கூலி, தேதி விடாமல். நேர்முகத்தில் எதற்காகப் பொருளாதாரம் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் நாட்டுக்குச் சேவை என்பார்கள். இவள் நோட்டை எடுத்து வைக்கலாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். சியுஇடி கேள்விகள் மத்தியப் பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டி வரும். சரியான விடைக்கு 5, தப்பான விடைக்கு 1 கழிப்பார்கள். நம் பிள்ளைகள் எதையும் விடாமல் எழுதிப் பழகியவர்கள், தெரியாததை விட்டுவிடுவது அவர்களுக்கு வரவே வராது. பிளஸ் டூ ஆரம்பத்திலேயே அந்தப் பழக்கத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் கோச்சிங் வேண்டாம், பழைய வினாத்தாள்கள் போதும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். நம் மாநிலத்தில் தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை டெல்லியில் அப்படியே வாங்க மாட்டார்கள். மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி., வசதி படைத்தோர் பிரிவில் வராதவர் என்று தனியாக எடுக்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்கு உரியதாக. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். லேடி ஸ்ரீராம், மிராண்டா ஹவுஸ் இரண்டும் பெண்கள் கல்லூரிகள், இரண்டிலும் பொருளாதாரத்துக்கு நல்ல பெயர். விடுதியில் இடம் குறைவு என்பதால் செலவை அதற்குத் தகுந்தபடி யோசித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்று தோன்றினால் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு எம்.ஏ. பொருளாதாரம் இருக்கிறது, அதற்கும் சியுஇடி-தான்.

நாளைக்கு ஹெச்.எம்.மைப் பார்க்கும்போது எந்தக் குரூப் நல்லது என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸோடு கணிதம் உள்ள குரூப் இருக்கிறதா, அதில் இடம் எத்தனை, சேர்ந்த பிறகு எந்தத் தேதி வரை குரூப் மாற்றலாம் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் புத்தகச் சோதனையை முடித்துவிடலாம். அதுவரை டி.சி. வாங்க வேண்டாம்.